கிட்டியும் வரம்பும்

நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. இந்த மூன்றும் பாயும் வயல்களில் சம்பா பொதிகட்டத் தொடங்கியதும் டீக்கடையில் ஒரே கேள்விதான். "கிட்டிக்காரர் எப்போ வர்றார்?" எலி இறங்கிவிட்டால் கதிர் பால் பிடிக்கும் முன்பே தூரைக் கத்தரித்துப் போட்டுவிடும். வரப்போரம் பச்சையாக நிற்கும். நடு வயல் வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். அதைத் தடுக்க வருகிறவரின் தோளில் கட்டுக்கட்டாகத் தொங்குவது தஞ்சாவூர்க் கிட்டி. மூங்கிலை வில்லாக வளைத்து, கயிற்றால் இழுத்துக் கட்டி, வாயில் இரை வைத்த பொறி அது. அந்தி சாயும்போது வைத்துவிட்டு விடிந்ததும் எடுப்பார். எலி இரையை இழுத்தால் வில் விடுபடும், கழுத்து இறுகும்.

இந்தப் பொறிக்குக் கிட்டி என்று பெயர் வந்தது எப்படி?

வேர் 'கிட்டு' என்னும் வினை. அது நாம் தினமும் புழங்கும் சொல்தான். "கிட்ட வா" என்கிறோம். "வேலை கிட்டவில்லை" என்கிறோம். வலிப்பு வந்தவரைப் பார்த்து, "பல் கிட்டிப்போச்சு" என்று பதறுகிறோம். மூன்றிலும் உள்ள பொருள் ஒன்றுதான்: இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி இல்லாமல் போவது. ஆள் நெருங்கினால் கிட்டம். தேடியது கைக்கு வந்தால் கிட்டியது. மேல்வாய்ப் பல்லும் கீழ்வாய்ப் பல்லும் இறுகினால் அதுவும் கிட்டியது. வழிகாட்டுவது வழிகாட்டி, பாக்கை வெட்டுவது பாக்குவெட்டி என்பதுபோல, கிட்டச் செய்வது கிட்டி. இரண்டு கோல்களை நெருக்கி, நடுவில் அகப்பட்டதை இறுக்குகிற கருவி.

நடுவில் அகப்பட்டது எப்போதும் எலியாக இருக்கவில்லை. பழைய தமிழ் அகராதிகளைப் புரட்டினால், கிட்டி என்பதற்குத் தரும் பொருள்களில் ஒன்று தண்டனைக் கருவி. குற்றவாளியின் கையையோ காதையோ மூக்கையோ இரண்டு கோல்களுக்கு நடுவே வைத்து நெருக்குவது. 'கிட்டி கட்டுதல்' என்றே ஒரு வழக்கு இருந்தது. சென்னை மாகாணத்தில் நிலவரி வசூலுக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் குடிமக்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற புகார் லண்டன் பாராளுமன்றம் வரை போனது. அதை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையம் 1855-இல் அறிக்கை கொடுத்தது. புகார் உண்மை என்று ஒப்புக்கொண்ட அந்த அறிக்கையில் கிட்டியின் பெயர் இருக்கிறது. ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு குச்சிகள்; நடுவே விரல்கள்; எலுமிச்சம்பழம் பிழிவதைப் போன்ற வேலை. 1857-இல் கார்ல் மார்க்ஸ் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இந்தியச் சித்திரவதைகளைப் பற்றி எழுதியது இந்த விசாரணையைக் கையில் வைத்துக்கொண்டுதான்.

வரி கட்ட முடியாத குடியானவனின் விரலை நெரித்த கருவிக்கும், அவன் பேரன் வயலைக் காத்த கருவிக்கும் ஒரே பெயர். ஒன்று ஒழிந்தது, மற்றொன்று இருக்கிறது. எலி பிடிக்காதே என்று விவசாயியிடம் சொல்ல நான் வரவில்லை. போட்ட முதலும் பட்ட பாடும் ஒரே இரவில் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் இந்தச் சொல்லுக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. இறுக்கும் கை எங்கே நிறுத்த வேண்டும்?

அதற்கு விடையை ஒரு கிட்டிக்காரரிடம்தான் முதலில் பார்த்தேன். எனக்குப் பத்து வயது இருக்கும். மார்கழிப் பனியில் அவர் பின்னாலேயே வரப்பில் போனேன். ஐந்தாறு கிட்டிகளில் எலிகள் விறைத்துக் கிடந்தன. ஒன்றில் மட்டும் கழுத்துக்குப் பதில் இடுப்பு சிக்கியிருந்தது. உயிர் இருந்தது. முன்னங்கால்கள் ஈர மண்ணைப் பிறாண்டி இரண்டு சிறு குழிகள் பறித்திருந்தன. மற்ற கிட்டிகளை அப்படியே விட்டுவிட்டு அவர் முதலில் அதனிடம் போனார். மண்வெட்டிக் காம்பால் ஒரே அடி. "பிடிக்கிறது பொழப்பு தம்பி, துடிக்க விடுறது பாவம்" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

அவர் ஒரு வார்த்தையில் சொன்னதைத்தான் உலகெங்கும் புற்றுநோய் ஆய்வுக்கூடங்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கின்றன. புற்றுநோய் மருந்து மனித உடலுக்குள் போகும் முன்பு பெரும்பாலும் சுண்டெலியின் உடலுக்குள் போகிறது. அதன் உடலில் கட்டியை வளர்த்து, மருந்து கொடுத்து, கட்டி சுருங்குகிறதா என்று பார்க்கிறார்கள். கட்டி சுருங்காத எலியை என்ன செய்வது? சாகும்வரை காத்திருந்து நாளை எண்ணுவது பழைய முறை. மூலிகைச் சாறுகளைச் சோதித்த நம் நாட்டு ஆய்வுகள் பலவற்றில் எலியின் வயிற்றில் புற்று அணுக்களைச் செலுத்தி, வயிறு நீர் கோத்து ஊத, எத்தனை நாள் கூடுதலாக உயிரோடு இருந்தது என்பதையே மருந்தின் வெற்றியாக எழுதினார்கள். அந்தக் கடைசி நாட்கள் கணக்கில் ஒரு எண். எலிக்கு அவை கிட்டி.

இதற்கு மாற்று, முன்கூட்டியே ஒரு எல்லை குறிப்பது. இந்த அறிகுறி தெரிந்தால் ஆய்வு அந்த எலிக்கு முடிந்தது. உடனே வலியில்லாமல் அதன் உயிரை முடித்துவிட வேண்டும். பிரிட்டனின் புற்றுநோய் ஆய்வாளர்கள் 1988-இல் இதற்கு வழிகாட்டி எழுதி, 1998-இலும் 2010-இலும் திருத்தினார்கள். கட்டி உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அதிலிருந்து பரவிய அளவு. அறுபது கிலோ மனிதருக்கு அது ஆறு கிலோக் கட்டி. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் நிறுத்து என்பது பல கூடங்களில் உள்ள விதி. இருபத்தைந்து கிராம் சுண்டெலிக்கு ஐந்து கிராம்தான் அந்த எல்லை. கட்டி புண்ணாகி உடைந்தாலோ, இரை எடுக்க முடியாமல் போனாலோ எடையைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

ஆனால் தராசு சொல்வதற்கு முன்பே எலி சொல்லிவிடும், கிட்டப் போய்ப் பார்க்கிறவருக்கு. பருந்துக்கும் பாம்புக்கும் இரையாகும் பிராணி வலியை மறைக்கும். அதன் முகத்தில் வலியைப் படிக்க 2010-இல் கனடாவில் ஒரு அளவுகோல் வகுத்தார்கள். கண் இடுங்குகிறதா, மூக்கும் கன்னமும் புடைக்கின்றனவா, காது பின்னால் சாய்கிறதா, மீசை மாறி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நலமாக இருக்கும் சுண்டெலிக்குக் காகித இழை போட்டால் கிழித்துக் கூடு கட்டும். நோய் முற்றியது முதுகைக் கூனி, மயிர் சிலிர்த்து, இழையைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும். முதுகெலும்பின் மேல் விரலை ஓட்டினால் சதை வற்றியது தெரியும். வாலைப் பிடித்துத் தூக்கினால் மிரளும் எலி, உள்ளங்கையில் ஏந்தினால் அடங்கும். இவ்வளவுக்கும் வேண்டியது விலையுயர்ந்த கருவி இல்லை. தினமும் கிட்டப் போகிற ஒரு ஆள்.

இங்கேதான் அந்த வினையின் மறுபக்கம் தெரிகிறது. கிட்டு என்ற வேரில் இறுக்குவதும் உண்டு, நெருங்குவதும் உண்டு. இரண்டில் எதைச் செய்கிறோம் என்பதே ஆய்வாளரின் அறம்.

நம் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. அதன் தொடக்கத்தில் ஒரு தமிழ்ப் பெண் இருக்கிறார். 1952-இல் மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் விலங்கு வதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். அதன் பயனாக 1960-இல் சட்டம் வந்தது. மயக்கம் கொடுத்துச் செய்யும் ஆய்வில் விலங்கு படுகாயம் அடைந்து, பிழைத்தாலும் கடும் வேதனைதான் என்றால், மயக்கம் தெளியும் முன்பே அதன் உயிரை முடிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். நிறுத்தும் இடத்தைக் குறித்துவிட்டது. 1998-இல் வந்த விதிகளின்படி எலி ஆய்வுக்கும் நிறுவனத்தின் நெறிக்குழு ஒப்புதல் வேண்டும். ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்ரா இருந்த அதே அடையாறில்தான், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். மனிதர் பிழைக்க வேண்டும் என்ற தவிப்பும் விலங்கு துடிக்கக் கூடாது என்ற தவிப்பும் ஒரே ஊரில், ஒரே காலத்தில், ஒன்றுக்கொன்று பகையில்லாமல் இருந்தன.

குறை பெயரில் இருக்கிறது. நிறுத்தும் இந்த எல்லையைத் தமிழில் 'மனிதாபிமான முடிவுப் புள்ளி' என்று எழுதுகிறார்கள். எலிக்கூண்டைத் தினமும் சுத்தம் செய்யும் பணியாளரின் நாவில் அது நிற்காது. நாவில் நிற்காத விதி கைக்கு வராது. நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. வயலின் ஓரம் வரப்பு. அதன் மறு வடிவம் வரம்பு. மண்ணை உயர்த்தி, தண்ணீர் இதற்கு மேல் போகக் கூடாது என்று நிறுத்துவது வரப்பு. செயல் இதற்கு மேல் போகக் கூடாது என்று நிறுத்துவது வரம்பு. கிட்டியை வைக்கும் இடமும் வரப்புதான். ஆகவே இதற்கு 'வலிவரம்பு' என்று பெயர் வைக்கலாம் என்பது என் கருத்து. "இந்த எலி வலிவரம்பைத் தொட்டுவிட்டது" என்று எந்தப் பணியாளரும் மேலாளரிடம் தயங்காமல் சொல்லலாம். கேட்பவருக்கும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது விளங்கிவிடும்.

எலியை வைத்து ஆய்வு செய்யும் தமிழ் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வுத் திட்டத்தில் மருந்தின் அளவை எழுதுவதற்கு முன்பு வலிவரம்பை எழுதுங்கள். முதல் எலி கூண்டுக்கு வரும் முன்பே அதை எழுதி, எல்லாரும் பார்க்கும்படி சுவரில் ஒட்டுங்கள்.