கல்லின் வயது



காஞ்சிமாநகரை அடுத்து, வேகவதி ஆற்றின் அருகே, திருப்பருத்திக்குன்றம் என்னும் சிற்றூர் இருக்கிறது. ஜினகாஞ்சி எனப் பெயர் பெற்ற அவ்வூரில் திரைலோக்கியநாதர் கோயில் உள்ளது. அதன் சங்கீத மண்டபத்தை, விசயநகர அரசின் அமைச்சராய் விளங்கிய இருகப்பர், தம் ஆசிரியர் புட்பசேனரின் விருப்பப்படி 1387-88ஆம் ஆண்டில் எடுப்பித்தார் என்று கல்வெட்டுக் கூறுகிறது. அதனைக் கோயிலின் ஆண்டாகக் கொள்ளலாமோ? கூடாது. மண்டபத்திற்கு முந்திய சோழர் காலக் கல்வெட்டுகளும் அங்கே இருக்கின்றன. ஓர் ஆண்டைக் கண்டவுடன், அது எந்நிகழ்ச்சிக்குரியது என்று வினவுதலே வரலாற்று மாணவரின் முதற்கடமை.

தூண் நட்ட ஆண்டைக் கல்வெட்டுச் சொல்லும். ஆனால், கல் பிறந்த காலத்தை எது சொல்லும்? தொண்டை நாட்டுக் கல் ஒன்றையே சான்றாகக் கொள்வோம். கல்கத்தாவில், ஆங்கில வணிகர் ஜாப் சார்னக்கின் கல்லறையில் பதித்த கருங்கல்லைத் தாமஸ் ஹாலண்டு என்னும் பாறையியல் அறிஞர் ஆராய்ந்தார். அது சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையை ஒத்திருப்பதைக் கண்டு, 1893இல் அவ்வினத்திற்குச் 'சார்னகைட்' என்று பெயரிட்டார். பெயர் கிடைத்தது, வயது கிடைக்கவில்லை. அதனை அளக்கும் கருவி அந்நாளில் இல்லை.

கதிரியக்கம் கண்டறியப்பட்ட பின்னரே வழி பிறந்தது. யுரேனியம் மாறாத வேகத்தில் சிதைந்து காரீயமாகிறது. யுரேனியம்-238இல் பாதி அவ்வாறு மாற ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் செல்லும். இவ்விரண்டின் அளவையும் ஒப்பிட்டு, 1911இல் ஆர்தர் ஹோம்ஸ் பாறைகளின் வயதைக் கணித்தார். இதற்குச் சிறந்த துணை சிர்க்கான் என்னும் குறுமணி. அது உருவாகும்போது யுரேனியத்தை ஏற்கும். காரீயத்தைப் பெரும்பாலும் ஏலாது. ஆகவே, பின்னர் அதனுள் காணும் காரீயம் காலத்தின் கணக்காகிறது.

இம்முறையால் பல்லாவரத்துப் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகட்கு முற்பட்டது என அறிந்துள்ளோம். எனினும் இங்கும் பழைய வினாவே எழுகிறது. பாறை பூமியின் ஆழத்தில் மீண்டும் கடும் வெப்பத்திற்கு உள்ளாகும்போது, பழைய சிர்க்கானைச் சுற்றிப் புதிய விளிம்பு வளரலாம். நடுப்பகுதி பிறப்பின் காலத்தைக் கூறும். விளிம்பு மாற்றத்தின் காலத்தைக் கூறும். கோயிலும் மண்டபமும் போன்றதே இது.

ஒடிசாவில் சம்புவாவிற்கு அருகே கிடைத்த சிர்க்கான் ஒன்று ஏறத்தாழ 424 கோடி ஆண்டு பழமையானது என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் அதனைத் தாங்கிய பாறை மிகவும் இளையது. ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கண்ட 440 கோடி ஆண்டுக் குறுமணியும் அத்தகையதே. பிற்காலத்தில் படிந்த பாறையில் அது சிக்கியிருக்கிறது. பழங்கோயிலின் தூணைப் புதிய மண்டபத்தில் நட்டாற்போன்ற நிலை இது. முழுப்பாறையாகவே நிலைத்துள்ளவற்றுள், உறுதியாக அளக்கப்பட்ட மிகப் பழையது கனடா நாட்டு அகாஸ்டாப் பாறை. அதன் வயது ஏறத்தாழ 403 கோடி ஆண்டு. பூமியின் வயதோ ஏறத்தாழ 454 கோடி. இடைப்பட்ட ஐம்பது கோடி ஆண்டுகட்குச் சில மணிகளே சான்று.

மாணவர்களே! அடுத்த முறை ஒரு கோயில் தூணைத் தொடும்போது, அதனுள் இரு வரலாறுகள் உறைவதை எண்ணுங்கள். ஒன்றை உளி எழுதிற்று. மற்றொன்றை நெருப்பு எழுதிற்று. இரண்டையும் படிப்பதற்கு வேண்டுவது ஒரே பண்பு: இவ்வாண்டு எதற்குரியது என்று கேட்கும் பொறுமை.