படுக்கையா, நடையா? முதுகுவலி மருத்துவத்தின் கதை

வயது முதிர்ந்த ஆண்களில் பலர், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டே எழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். "எலும்பு தேய்ந்துவிட்டது, இனிப் படுத்தே கிடக்க வேண்டியதுதான்" என்று அவர்கள் சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். தேய்மானம், படுக்கை ஆகிய இரண்டு கருத்துகளும் எங்கிருந்து வந்தன?

முதுகெலும்பு என்பது ஒரே எலும்பன்று. முள்ளெலும்புகள் அடுக்கிய தூண். அவற்றிற்கிடையே 23 தட்டுகள் உள்ளன. ஒவ்வொரு தட்டின் நடுவிலும் நீர் நிறைந்த கூழ் போன்ற பகுதியும், அதைச் சுற்றி வலிய நார் வளையமும் இருக்கின்றன. வயது ஏற ஏற நீர் குறைகிறது, தட்டு மெலிகிறது, வளையத்தில் கீறல் விழுகிறது. இதுவே தேய்மானம்.

1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கிழிந்த தட்டிலிருந்து பிதுங்கிய பகுதி நரம்பை அழுத்துவதால் காலுக்கு இறங்கும் வலி உண்டாகலாம் என்று அவர்கள் காட்டினர். அதுவரை அப்பிதுக்கத்தைக் கட்டி என்றே பலரும் எண்ணியிருந்தனர். அரிய கண்டுபிடிப்புதான். ஆனால் அதன்பின் எந்த முதுகுவலிக்கும் தட்டின் மேலேயே பழி விழலாயிற்று.

இது சரிதானா? 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரின் முதுகெலும்பைக் காந்த அதிர்வுப் படம் எடுத்துப் பார்த்தார்கள். 36 விழுக்காட்டினருக்கு மட்டுமே எல்லாத் தட்டுகளும் குறையின்றி இருந்தன! தலை நரைப்பதைப் போல, தேய்மானமும் பெரும்பாலும் வயதின் அடையாளமே. படத்தில் தேய்மானம் தெரிவதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இனி, படுக்கையின் கதை. இலண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன், ஓய்வே சிறந்த மருந்து என்று 1860-களில் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஒடிந்த எலும்புக்கு அது பொருந்தும். ஆனால் முதுகுவலிக்காரர்களையும் வாரக்கணக்கில் படுக்க வைக்கும் வழக்கம் வேரூன்றியது. படுக்கையிலும் ஆபத்து உண்டு என்று 1947-இல் ரிச்சர்டு ஆஷர் எச்சரித்தார்.

1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், 20 வயதுடைய ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே இருந்தனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே ஐவரையும் சோதித்தபோது வியப்பான உண்மை வெளிப்பட்டது. முப்பது ஆண்டு முதுமை குறைத்ததைவிட, அந்த மூன்று வாரப் படுக்கை அவர்களுடைய உழைக்கும் திறனை அதிகமாகக் குறைத்திருந்தது! 1995-இல் வெளிவந்த ஹெல்சிங்கி ஆய்வும் இதற்குத் துணை நின்றது. திடீர் முதுகுவலி கண்ட 186 பேரில், படுத்தவர்களைவிட, இயன்ற அளவு அன்றாட வேலைகளைச் செய்தவர்களே விரைவில் தேறினர்.

காரணம் என்ன? பாய்மரத்தை நாற்புறமும் கயிறுகள் இழுத்துப் பிடிப்பதுபோல, முதுகெலும்பைத் தசைகள் தாங்குகின்றன. முதுமையில் தசை தானாகவே குறைகிறது. இதற்கு இர்வின் ரோசன்பெர்க் என்ற அறிஞர் 1980-களின் இறுதியில் 'சார்கோபீனியா' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'தசை வறுமை' என்பது பொருள். ஏற்கெனவே வறுமை, அதன்மேல் படுக்கை சேர்ந்தால் கையிருப்பும் கரைந்துவிடும் அல்லவா?

இழந்ததை மீட்க முடியுமா? 1990-இல் வெளியான பாஸ்டன் ஆய்வு இதற்கு விடை தந்தது. முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் எடை தூக்கும் பயிற்சி அளித்தார்கள். கால் தசையின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது.

காய்ச்சல், கால் மரத்துப் போதல், சிறுநீர் கட்டுப்படாமை, கீழே விழுந்தபின் வலி, காரணமின்றி உடல் இளைத்தல் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மற்றபடி, உங்கள் வீட்டுப் பெரியவர் முதுகு வலிக்கிறது என்று படுக்கையை நாடினால், மெல்ல நடக்கத் துணை செய்யுங்கள். தேய்ந்த தட்டு புதிதாகாது. ஆனால் அதைத் தாங்கும் தசை, தொண்ணூறு வயதிலும் வளரும்.