முன்னோர் பிறந்த ஊரும் மாறிய மாவட்டங்களும்

மலாயாவுக்குக் கப்பலேறி வந்த முன்னோரின் பழைய தாள்களில் ‘வட ஆற்காடு’ எனக் கண்டு, இன்றைய வரைபடத்தில் அப்பெயரைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர்.

முருகப்பெருமான் எழுந்தருளியுள்ள திருத்தணிகையையே சான்றாகக் கொள்ளலாம். வட ஆற்காட்டைச் சேர்ந்திருந்த இத்தலம், 1911இல் அமைந்த சித்தூர் மாவட்டத்துள் அடங்கிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அதனோடு சென்றது. ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்துச் செங்கற்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது. மலையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது!

வட ஆற்காடு என்றதும் வேலூருக்குச் சென்று விசாரிக்கும் பேரருக்கு இத்தகைய ஊர் அகப்படுவது அரிது. ஆகவே தாள் எழுதப்பட்ட ஆண்டை முதலில் நோக்குதல் வேண்டும். மாவட்டப் பெயரினும் கிராமப் பெயரும் அருகிலுள்ள கோயிலின் பெயருமே உறுதியான வழிகாட்டிகள். குலதெய்வம் எதுவென்று வீட்டு முதியோரிடம் இன்றே கேட்டு எழுதிக்கொள்ளுதல் நலம்.