அழுகை ஓய்ந்த பிள்ளை

இரண்டாம் உலக யுத்தம் முடிவுற்ற காலத்தில், இங்கிலாந்தின் வைத்தியசாலைகளிற் பலவற்றில் சிறுவர் நோயாளர் விடுதிகளின் கதவுகள் பெற்றோருக்குப் பெரும்பாலும் அடைபட்டே கிடந்தன. ஞாயிறு பிற்பகலில் ஒரு மணி நேரம் மாத்திரமே பிள்ளையைப் பார்க்க இடமளித்த வைத்தியசாலைகள் இலண்டனில் இருந்தன. முதல் மாதம் முழுவதும் சந்திப்பே கூடாது, ஆயினும் மாலையிற் பிள்ளை உறங்கியபின் வந்து பார்த்துச் செல்லலாம் என்று விதித்த ஓரிடமும் இருந்தது. உறங்கும் பிள்ளையைத் தாய் காணலாம். விழித்திருக்கும் பிள்ளை தாயைக் காணலாகாது!

இவ்விதியை வகுத்தவர்கள் கல்நெஞ்சர் அல்லர். சின்னமுத்தும் தொண்டைக்கரப்பானும் வெளியிலிருந்து வந்து ஒரு விடுதி முழுவதையும் பற்றிக்கொள்ளக்கூடும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. அது நியாயமான அச்சமே. மற்றுமொரு காரணமும் இருந்தது. தாய் வந்து திரும்பும்போதெல்லாம் பிள்ளை கதறியது. தாய் வராதிருந்தாலோ, சில நாள் அழுதபின் அடங்கியது, கொடுத்ததை உண்டது, சொன்னபடி கேட்டது. பிள்ளை பழகிவிட்டது என்றனர் தாதிமார். விதி முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல்தான் நின்றது.

அச்சொல்லை ஐயுற்றவர் வைத்தியர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. ஜேம்ஸ் றொபேட்சன் 1911 ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தில் ஒரு தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். யுத்தகாலத்தில், வீடிழந்த குழந்தைகளுக்காக அன்னா பிராய்ட் அம்மையார் இலண்டன் ஹம்ஸ்டெட்டில் நடத்திய காப்பகத்திற் கொதிகலத்துக்கு நெருப்பிடுதல் முதலிய வேலைகளைச் செய்துவந்தார். அவர் மனைவி ஜோய்ஸும் அங்கு பணிபுரிந்தார். பிள்ளைகளிடம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதிவைக்க வேண்டும் என்பது அக்காப்பகத்தில் எல்லோருக்கும் விதி. நெருப்பிடுபவருக்கும் அதில் விலக்கில்லை. பார்ப்பதற்கு அவர் பயின்ற பள்ளிக்கூடம் அதுவே.

1948 இல் உளமருத்துவர் ஜோன் போல்பி, தாயைப் பிரிந்து வைத்தியசாலையிற் கிடக்கும் சிறுவரை அவதானிக்க றொபேட்சனை நியமித்தார். பல மாதங்கள் விடுதிகளில் இருந்து பார்த்தவருக்கு மூன்று நிலைகள் புலப்பட்டன. முதலில் பிள்ளை அழுது எதிர்க்கிறது. அடுத்து நம்பிக்கை இழந்து ஓய்கிறது. இறுதியில் வருவோர் போவோர் எல்லோரையும் பார்த்துச் சிரிக்கிறது. ஆனால் தாய் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பழகிவிட்டது என்று மகிழ்ந்தார்களே, அது பிந்திய இரு நிலைகளே.

சொல்லிப் பார்த்தார், எவரும் நம்பவில்லை. ஆகவே, முன்னொருபோதும் படம் பிடித்தறியாத அவர் ஒரு படப்பிடிப்புக் கருவியை வாங்கினார். காத்திருப்போர் பட்டியலிலிருந்து எழுந்தமானமாக ஒரு பிள்ளை தெரிவுசெய்யப்பட்டது: இரண்டு வயதும் ஐந்து மாதமும் நிறைந்த ஒரு சிறுமி. தொப்புளில் ஏற்பட்ட பிதுக்கத்தைச் சீர்செய்யும் சிறிய சத்திரசிகிச்சை. எட்டு நாள் வாசம். வேண்டிய காட்சியை மட்டும் பொறுக்கி எடுத்தார் என எவரும் சொல்லாதபடி, தினமும் குறித்த நேரங்களில், சுவர்க் கடிகாரமும் தெரியும்வண்ணம் படம் எடுக்கப்பட்டது. அச்சிறுமி அதிகம் அழவேயில்லை. உதட்டை இறுக்கிக்கொண்டு, அம்மா எங்கே என்று அடங்கிய குரலில் இடையிடையே கேட்டாள். அவ்வளவுதான். அவ்வளவே போதுமாயிருந்தது.

1952 இல் இலண்டன் ரோயல் மருத்துவ சங்கத்தில் அப்படம் காட்டப்பட்டபோது வைத்தியரும் தாதியரும் வெகுண்டெழுந்தனர். வெகுண்டவருள் டெர்மொட் மக்கார்த்தி என்னும் குழந்தை வைத்திய நிபுணரும் ஒருவர். ஆயின் தம் விடுதிக்குத் திரும்பியதும், அதுவரை கண்ணிற் படாதது அவர் கண்ணிற் பட்டது. அமெர்ஷாமிலுள்ள தம் விடுதியிற் பிள்ளைகளோடு தாய்மாரையும் தங்கவிட்டார். றொபேட்சனின் அடுத்த படம் அங்கேயே எடுக்கப்பட்டு 1958 இல் வெளிவந்தது. 1959 இல் சேர் ஹரி பிளாட் தலைமையிலான குழு, பெற்றோர் தடையின்றி வரவேண்டும், ஐந்து வயதுக்குட்பட்டோருடன் தாய் தங்க வசதி வேண்டும் என அரசுக்கு விதந்துரைத்தது. விதந்துரை கட்டளையன்று, பல கதவுகள் மூடியே இருந்தன. 1961 இல் பற்றர்சீயில் தாய்மார் சிலர் சங்கம் அமைத்து அக்கதவுகளைத் தட்டத் தொடங்கினர்.

றொபேட்சனின் குறிப்புகளை ஆராய்ந்தவர்களுள் மேரி ஏன்ஸ்வேர்த் அம்மையாரும் ஒருவர். 1954 இல் உகண்டா சென்ற அவர், கம்பாலாவை அடுத்த கிராமங்களில் 26 குடும்பங்களின் தாய்மாரையும் சேய்களையும் அவதானித்தார். பின்னர் அமெரிக்காவின் போல்ரிமோரில் ஒரு சோதனையை வகுத்தார். அறிமுகமற்ற அறையில் ஒரு வயதுப் பிள்ளையை விட்டுத் தாய் சிறிது நேரம் வெளியே செல்கிறாள், மீளுகிறாள். பிரிவிலும் பார்க்க மீட்சியே முக்கியம். பெரும்பாலான பிள்ளைகள் தாயிடம் ஓடி, ஆறுதல் பெற்று, மீண்டும் விளையாடின. சில பிள்ளைகள் தாயைத் திரும்பியும் பாராமல் விளையாடிக்கொண்டிருந்தன. தைரியசாலிகள் என்று தோன்றும். பிற்கால ஆய்வாளர் அத்தகைய பிள்ளைகளின் இதயத்துடிப்பை அளந்தபோது, அது விரைந்தே அடித்துக்கொண்டிருந்தது.

1970 களின் நடுவில் மினசோட்டாவில், வறிய தாய்மாரின் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே தொடர்ந்து ஆராயும் பெருமுயற்சி ஒன்று ஆரம்பமாயிற்று. அப்பிள்ளைகளிற் சிலர் நான்கைந்து வயதிற் பாலர் பாடசாலையில் அவதானிக்கப்பட்டனர். சிசுப்பருவத்தில் தாயிடம் உறுதியான பாசப்பிணைப்புக் கொண்டிருந்தவர்கள் சக பிள்ளைகளோடு எளிதிற் கூடினர், அழுபவனைத் தேற்றினர். தாயைப் பாராதிருந்த அந்தத் ‘தைரியசாலிகளோ’ ஆசிரியையை விட்டு அகலாது ஒட்டிக்கொண்டனர். இது தலையெழுத்தன்று, வீட்டு நிலைமை மாறியபோது பிணைப்பும் மாறியதை அதே ஆய்வு கண்டது.

போல்பி 1951 இல் உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அளித்த அறிக்கை, தந்தையைப் பெரும்பாலும் தாய்க்குத் துணையாகவே கண்டது. வேலைக்குப் போகும் தாய்மாரைக் குறைகூறவும் பலர் அதனைப் பயன்படுத்தினர். தாயைத் தாங்குவது யார் என்ற வினாவுக்கு உரிய இடம் கிடைக்க வெகுகாலம் சென்றது. 1981 இல் சூசன் குறொக்கன்பேர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் தாயும் சேயுமாக 48 இணைகளை ஆராய்ந்தார். கணவனோ உறவினரோ அயலாரோ கைகொடுத்த தாய்மாரின் சேய்களிடமே பிணைப்பு உறுதியாயிருந்தது. எளிதில் அடங்கும் குழந்தைகளிடம் அவ்வுதவியின் பயன் அவ்வளவாகத் தெரியவில்லை. ஓயாது அழும் குழந்தைகளிடமே மிகத் தெளிவாகத் தெரிந்தது.