பசியின்மை ஏன் ஏற்படுகிறது?

பசியின்மை தனி நோயல்ல. பெரும்பாலும் வேறொரு கோளாறின் அறிகுறி. இரைப்பை காலியாகும்போது சுரக்கும் கிரெலின் என்ற ஹார்மோன், மூளைக்குப் பசியை உணர்த்துகிறது. காய்ச்சலின்போது நோய் எதிர்ப்பு மண்டலம் வெளியிடும் வேதிப்பொருட்கள் இந்த உணர்வை மட்டுப்படுத்துகின்றன. குணமானதும் பசி திரும்பிவிடும்.

திரும்பாவிட்டால் காரணத்தைத் தேட வேண்டும். மஞ்சள் காமாலை, காசநோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய், மலச்சிக்கல், மனச்சோர்வு ஆகியவை பசியைக் குறைக்கும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின், சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் காரணமாகலாம்.

வீட்டிலுள்ள முதியவர்கள் பசிக்கவில்லை என்றால், வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பல்வலியா, பொருந்தாத பல்செட்டா, நாக்கில் சுவை குறைந்துவிட்டதா, துணையை இழந்து தனியே சாப்பிடும் வேதனையா என்று கேட்டறியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுங்கள். உடன் அமர்ந்து சாப்பிடுங்கள்.

6 முதல் 12 மாதங்களுக்குள் எடை 5 சதவீதம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ, தானாகக் குறைந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இன்சுலின் போடுபவர் சாப்பிடாமலிருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். தாமதிக்காமல் மருத்துவரைக் கேளுங்கள். காரணம் தெரியாமல் டானிக் வாங்கிக் கொடுத்துக் காத்திருப்பது, நோய்க்கு அவகாசம் கொடுப்பதாகவே முடியும்.