சராசரி மறைத்த உண்மை: பரம்பரையலகுத் தரவாய்வின் வரலாற்றில் ஒரு திருப்பம்

ஓர் உடலின் கலங்கள் பெரும்பாலும் ஒரே பரம்பரையலகுகளைக் கொண்டிருப்பினும், ஈரற்கலமும் நரம்புக்கலமும் தம்முள் வேறுபடுகின்றன. எப்பரம்பரையலகு எவ்வளவு தொழிற்படுகின்றது என்பதே இவ்வேறுபாட்டின் அடிப்படையாகும். இதனைப் பரம்பரையலகு வெளிப்பாடு என்பர். 1995 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்துப் பற்றிக் பிரவுணும் அவர்தம் சகாக்களும், கண்ணாடித் தட்டொன்றின் மீது 45 தாவரப் பரம்பரையலகுகளின் வெளிப்பாட்டை ஒருங்கே அளந்தனர். சில ஆண்டுகளில் இத்தொகை ஆயிரக்கணக்காயிற்று. எண்கள் பெருகவே, அவற்றைப் படிக்கும் வழி யாது என்னும் வினாவும் உடனெழுந்தது.

1998 இல் மைக்கேல் ஐசன் முதலியோர் இதற்கொரு விடை கண்டனர். ஒத்த போக்குடைய பரம்பரையலகுகளைக் கணனி அருகருகே நிறுத்தியது. மிகுந்த வெளிப்பாடு செந்நிறமாகவும் குறைந்தது பச்சை நிறமாகவும் தீட்டப்பட்டது. 'கிளஸ்ரர்', 'ரீவியூ' என்னும் அவர்தம் மென்பொருள்களால் எண்களின் நிரைகள் கண்ணாற் காணும் படமாயின.

எனினும், நோயுற்றோரையும் நோயற்றோரையும் ஒப்பிட்ட ஆய்வாளர் பலர் இரு குழுக்களின் சராசரிகளையே நோக்கினர். கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு தெருவிலுள்ளார் அனைவரின் உடல் வெப்பநிலைக்கும் சராசரி கண்டால், அங்கே சிலர் கடுங்காய்ச்சலிற் கிடப்பது அதிற் புலப்படாது. புற்றுநோய்த் தரவுகளிலும் இந்நிலையே காணப்பட்டது.

மிச்சிக்கன் பல்கலைக்கழகத்தில் அருள் சின்னையனின் குழுவினர், பிறர் வெளியிட்ட தரவுகளை 'ஒன்கோமைன்' என்னும் களஞ்சியத்தில் திரட்டியிருந்தனர். ஸ்கொட் ரொம்லின்சும் ஏனையோரும் 'கோப்பா' என்னும் கணிப்புமுறையால் அவற்றை மீள ஆராய்ந்தனர். இம்முறை சராசரியை விடுத்து இடையத்தை அளவுகோலாகக் கொண்டு, சில நோயாளரிடத்து மட்டும் மிகையாக உயர்ந்த பெறுமானங்களைத் தேடிற்று. முன்னிற்குஞ் சுரப்பிப் புற்றுநோயில், சிலரிடத்து ஈ.ஆர்.ஜி. என்பதும் வேறு சிலரிடத்து ஈ.ரி.வி.1 என்பதும் இவ்வாறு உயர்ந்திருந்தன. ஆண் ஓமோன் தூண்டும் வேறொரு பரம்பரையலகின் பகுதியுடன் இவை ஒட்டிக்கொண்டமையே காரணமென 2005 இல் அவர்கள் நிறுவினர். இத்தகைய இணைவுகள் அதற்கு முன் பெரும்பாலும் குருதிப் புற்றுநோய்களிலேயே அறியப்பட்டிருந்தன.

ஈண்டு நோக்கற்பாலது யாதெனின், அவ்வெண்களுட் பல முன்னரே வெளியாகிப் பலர் கண்களிற் பட்டவை என்பதாம். தரவைப் பொதுவில் வைத்தமையும் அதனிடம் வேறொரு வினாவைத் தொடுத்தமையுமே புதுமையை ஈன்றன. குடிசன மதிப்பீட்டை ஆராயும் கலைப்பீட மாணவருக்கும் இது பொருந்தும். சராசரியிலிருந்து விலகி நிற்கும் சிலர் கணக்கின் பிழையெனத் தள்ளத்தக்கவரல்லர். ஆய்வு அவர்களிடமிருந்தே தொடங்கவுங் கூடும்.