ஜாடிக்குள் காஞ்சிபுரம்

‘காக்டெயில் என்றால் என்ன?’ 1806-ல் அமெரிக்காவின் ஹட்சன் நகரத்துப் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு வாசகர் இப்படிக் கேட்டு எழுத, ஆசிரியர் பதில் போட்டார்: ஏதாவது ஒரு சாராயம், சர்க்கரை, தண்ணீர், கூடவே கொஞ்சம் கசப்புச் சாறு. அச்சில் வந்த முதல் விளக்கம் இதுதான் என்று காக்டெயில் பிரியர்கள் இன்றும் கொண்டாடுகிறார்கள்.

கொண்டாடட்டும். நம்மூர் ஆசாமிகள் அதற்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே கலக்கிவிட்டார்கள். புறநானூற்றின் 24-வது பாட்டில் மாங்குடி கிழார் கடற்கரை ஊர் ஒன்றைக் காட்டுகிறார். நுங்கின் நீர், கரும்புச் சாறு, இளநீர் மூன்றையும் ஒன்றாகக் கலந்து குடித்துவிட்டுக் கடலில் குதிக்கிறார்கள் ஜனங்கள். பானத்துக்குப் பெயர் ‘முந்நீர்’. கடலுக்கும் அதே பெயர். சிலேடை வேறு!

‘இதில் போதை எங்கே சார்?’ என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் காஞ்சிபுரம் பஸ் ஏறவேண்டும்.

காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது பெரும்பாணாற்றுப்படை. பரிசு வாங்கிக்கொண்டு திரும்பும் பாணன், பசியோடு வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழி என்றால் வெறும் வழி இல்லை. எந்த வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பது வரைக்கும்! வலைஞர் குடியிருப்புக்கு வரும்போது ஒரு செய்முறையே இருக்கிறது. தீட்டாத அரிசியைக் கூழாகக் காய்ச்சி, வாயகன்ற தட்டில் ஆறவிட வேண்டும். நெல்முளையை இடித்துக் கலக்க வேண்டும். ஜாடியில் இரண்டு பகல், இரண்டு இரவு. அப்புறம் விரலால் அலைத்துப் பிழிந்தால் தயார். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன். வழிநடந்து களைத்தவனுக்கு வீட்டுக்காரர் தரும் உபசாரம் இது.

இதன் சூட்சுமம் அந்த முளையில் இருக்கிறது. நெல் முளைக்கும்போது உண்டாகும் நொதி, கூழிலுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்குகிறது. இரண்டு நாளில் இறக்கிவிட்டால் ஈஸ்ட்டின் வேலை பாதியில் நிற்கும். ஆகவே இனிப்பு தூக்கல், போதை மட்டு. பாயசத்துக்கும் பீருக்கும் நடுவில் எங்கேயோ ஒரு சங்கதி.

அதே பாணன் இன்னும் கொஞ்ச தூரம் நடந்தால் அந்தணர் வீடு. அங்கே சோறு, மிளகும் கறிவேப்பிலையும் போட்டு வெண்ணெயில் வெந்த மாதுளங்காய், மாவடு. ஜாடி கிடையாது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் போனால் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலை விதிகள். பி.காம். படித்த எனக்கு அதைப் பார்த்தால் கம்பெனி டைரக்டர்களுக்கான தகுதிப் பட்டியல் மாதிரிதான் தெரிகிறது. வயது 35-க்கு மேல், 70-க்குள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் வீடு. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவனோடு சின்னம்மா பிள்ளை, பெரியம்மா பிள்ளை, மாமன், மச்சான் எல்லோரும் அவுட்! (ஆடிட்டர்கள் ஃப்ரேம் போட்டு மாட்டிக்கொள்ளலாம்.) அந்த வரிசையில் இன்னொன்று: ஐந்து மகாபாதகங்களில் முதல் நான்கைச் செய்தவனும் நிற்க முடியாது. கள்ளுண்ணல் அந்த நான்கில் ஒன்று. தர்ம சாஸ்திரங்கள் அதிலும் முக்கியமாகக் கோபப்படுவது தானிய மாவில் வடிக்கும் சுரையின் மேல். அதாவது, வலைஞர் வீட்டு ஜாடியில் இருந்த அதே சமாசாரம்.

‘பார்த்தீர்களா, ஆயிரம் வருஷம் முன்பே தமிழன் குடிகாரனை ஒதுக்கினான்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தச் சுவரைக் காட்டுகிறார்கள். ‘தமிழன் குடித்தான், பாட்டே இருக்கிறது’ என்கிறவர்கள் அந்த ஜாடியைக் காட்டுகிறார்கள். இரண்டு பேருமே பாதிதான் படித்திருக்கிறார்கள். உத்திரமேரூர் விதி, வேதம் ஓதிய அந்தணர்களுக்குத் தானமாகத் தந்த சதுர்வேதிமங்கலத்தின் சபைக்கு. மீன் பிடித்தவனையும் வயலில் இறங்கியவனையும் அது கட்டுப்படுத்தவில்லை. அவன் பெயர் எழுதிய ஓலை அந்தக் குடத்தில் விழவும் இல்லை.

எல்லா வீட்டுக்கும் ஒரே சட்டம் என்று வந்தது 1937-ல்தான். ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுக்க வந்துவிட்டது. 1971-ல் கருணாநிதி திறந்தார், பிறகு அவரே மூடினார். 1981-ல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1987-ல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் பூட்டு. 2003-லிருந்து சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம். இத்தனை திறப்பு மூடலுக்கும் பிறகு கணக்கைக் கூட்டிப் பார்த்தால், மரத்திலிருந்து இறக்கிய மிதமான பானம் குற்றமாகிவிட்டது, 42.8 சதவீத ஆல்கஹால் அடைத்த பாட்டிலுக்குக் கடையும் பில்லும் இருக்கிறது. லாபம் யாருக்கு என்பதைச் சொல்ல பி.காம். தேவையில்லை.

இன்று உத்திரமேரூரில் யாராவது பெரும்பாணாற்றுப்படையைப் பார்த்து வீட்டில் ஜாடி வைத்தால் போலீஸ் வரும். முந்நீருக்கு வராது. மாங்குடி கிழார் அளவு சொல்லாமல் விட்டதால் எங்கள் வீட்டில் நாங்களே ஒன்று கண்டுபிடித்திருக்கிறோம்: இளநீர் இரண்டு பங்கு, கரும்புச் சாறு ஒரு பங்கு, நுங்கு நீர் கிடைத்த மட்டும். ஐஸ் போடுவதானால் கரும்புச் சாற்றைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளவும்.